மிக்கேலின் சீசன் டிக்கெட்

படகுக்குப் பிறந்தநாள் கேட்டது கம்ப்யூட்டர், ஜெமிமா கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சென்னையிலிருந்து வந்த பேச்சைக் கேட்டவர்கள் அவள்தான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நான் கிரவுண்டு கேட்டுக்கு எதிரே சர்பத் கடை வைத்திருக்கிறவன். பாதி என் கண்முன்னால் நடந்தது. மீதியை நடத்தியவர்களே என் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்கள்.

திருச்செந்தூர் ரோட்டுக்கு மேற்கே கிரவுண்டு, கிழக்கே கடல், ரோட்டோரம் என் கடை. கிரவுண்டு மாதா கோயிலுக்குச் சொந்தம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வந்துவிட்டால் இந்தக் கடற்கரைக்குக் கால்பந்துப் பித்துப் பிடித்துவிடும். வேம்பாரிலிருந்து ஆலந்தலைவரை ஊருக்கு ஓர் அணி. வெறும் மண்ணில் உட்கார்ந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்துவந்தோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம்கூடக் கிடையாது. பிறகு சென்னைக் கம்பெனி ஒன்று கோயிலில் குத்தகை பேசி விளக்குக் கம்பம், இரும்பு கேலரி, கழிப்பறை, டிக்கெட்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிகிற மெஷின் எல்லாம் போட்டது. நல்ல காரியம்தான். கெட்ட காரியமாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம், நல்ல காரியத்தோடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு.

மேனேஜராக வந்தவர் ஜெயகணேஷ். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர். நெல்லும் வாழையும் பார்த்து வளர்ந்தவர். அலையைக் கண்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார். டிக்கெட் கவுண்டருக்கு உள்ளூரில் ஆள் தேடினார்கள். ரோச் சம்மாட்டியின் மகள் ஜெமிமா பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சம்மாட்டி என்றால் படகுக்குச் சொந்தக்காரர். ரோச்சுக்கு இருந்ததோ ஒரே ஒரு ஃபைபர் வள்ளம், ஆறு பேர் போகக்கூடியது. பெயர் மிக்கேல்.

சீசன் டிக்கெட்டை முதலிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியது ஜெமிமாதான். சீசன் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எந்தெந்த சனிக்கிழமை ஆட்டம், எந்த வரிசையில் எந்த நாற்காலி, பெரியவருக்கு என்ன விலை, சிறுவருக்கு என்ன விலை என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். எல்லாம் நிரப்பியபின் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு ஆட்கள் வரட்டும் என்று காத்திருந்தாள். ஒரு காக்கா கூட வரவில்லை.

காரணம் சென்னைக்குத் தெரியாது. தடையெல்லாம் விசைப்படகுக்குத்தான். சின்ன வள்ளங்களுக்குத் தடை இல்லை, அவை நாள் தவறாமல் கடலுக்குப் போகும். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேர் உள்ள வள்ளத்தில் ஐந்து பேர் கடலுக்குப் போக, ஒருவன் முறைவைத்துக் கரையில் நின்று கிழிந்த வலையைப் பார்ப்பான். அதற்குக் கரைமுறை என்று பேர். கரையில் நின்றவனுக்கும் பங்கு உண்டு, கடலுக்குப் போனவனுக்கு ஒரு காசு கூடுதல் கிடையாது. காற்றைப் பொறுத்து முறை முன்னே பின்னே நகரும். எந்த சனிக்கிழமை எவன் கரையில் நிற்பான் என்பது கடைசிவரை எவனுக்கும் தெரியாது. அப்படியிருக்க எவன் பேரில் சீசன் டிக்கெட் எடுப்பது?

மிக்கேலை ஓட்டுகிற தேவதாசன்தான் இதற்கு வழி சொன்னான். கவுண்டர் ஜன்னலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எங்க படகுக்கு ஒரு டிக்கெட்டு போடுளா ஜெமி."

"யாரு பேர்லண்ணே?"

"யாரு கரையில நிக்கானோ அவன் பேர்ல."

"அப்படியெல்லாம் போட முடியாதுண்ணே. ஒரு பேரு குடுத்தாத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவும்."

"அப்ப மிக்கேல்னு போடு."

"எந்த மிக்கேலு?"

"கோட்டி புடிச்சவளே, உங்க அப்பா படகு பேரு மறந்துபோச்சோ? ஆளு மாறிக்கிட்டேதான் இருப்பான். படகு மாறுதா? டிக்கெட்ட படகு பேர்ல போட்டு எங்கிட்ட குடு, முறைக்காரன் எவனோ அவன் கையில குடுத்து அனுப்புதேன்."

ஜெமிமாவுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும்தான் சரியாகப் பட்டது, இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். வலைக்குக் கடன் வாங்குவதும் படகு பேரில், கோயிலுக்கு வரி கட்டுவதும் படகு பேரில், திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் படகு பேரில். அவள் மிக்கேல் என்று அடித்தாள். அடுத்த கட்டத்தில் பிறந்த தேதி கேட்டது. விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் சிவப்பாக எரிந்துகொண்டு நகர மறுத்தது.

"பொறந்த தேதி கேக்குண்ணே."

"சாமியார் மந்திரிச்சு கடல்ல எறக்குனோம்லா, அந்தத் தேதியப் போடு. உங்க அண்ணன் ரெக்சன்தான் மொத ஆளா ஏறுனான்."

போட்டாள். போட்டோ கேட்டது. படகின் முகப்பில் வாளோடு மிக்கேல் சம்மனசு என்கிற தேவதூதர் வரைந்திருந்ததைச் செல்போனில் எடுத்துவந்து ஏற்றினாள். டிக்கெட் அச்சாகி வந்தது. சேதி கரையெங்கும் பரவ, ஸ்டெல்லா மாரிஸ் வந்தது, லூர்து வந்தது, சவேரியார் வந்தார், ஒவ்வொரு வள்ளமாகப் பேர் கொடுத்துப் பிறந்தநாள் சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டது. சீசன் டிக்கெட் விற்பனையில் எங்கள் கிளைதான் முதலிடம் என்று சென்னையிலிருந்து ஜெயகணேஷுக்கு ஒரு கேக் வந்தது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

இனி பிளாரன்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையே அவளுடையதுதான்.

ரெக்சன் ரோச்சின் மகன், பிளாரன்ஸின் புருஷன். போன கார்த்திகையில் காற்று திரும்பிய ஒரு காலையில் வலை இழுக்கும்போது தவறி விழுந்தான். உடல் மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்கியது. ஆலந்தலையிலிருந்து பிளாரன்ஸின் அம்மா வந்து, பிள்ளைகுட்டி இல்லாத இடத்தில் எதற்கு இருக்கிறாய் என்று கூப்பிட்டாள். அவள் போகவில்லை. அவளுக்குச் செய்ய வேலை இருந்தது. செத்தவனின் பங்கு ஒரு வருடத்துக்கு வீட்டுக்கு வரும், அது கரை வழக்கம். ஆனால் பிளாரன்ஸ் சும்மா வாங்கவில்லை. ரெக்சனின் கரைமுறை வருகிற நாளில் மற்ற ஐந்து பேரும் கடலுக்குப் போவார்கள், வலை வேலையை அவள் பார்ப்பாள். காலை நீட்டிப் பெருவிரலில் நூலை மாட்டிக்கொண்டு அவள் வலைக் கிழிசலைப் பொத்துகிற வேகத்துக்கு ஆண்பிள்ளைகள் ஈடு கொடுக்க முடியாது. ஒருவரும் அதற்குக் குறை சொன்னதில்லை.

குறை சொன்னது அவள் கால்பந்துக்குப் போனபோதுதான்.

அந்த சனிக்கிழமை கரைமுறை ரெக்சனுடையது. மாலையில் வலை போடக் கடலுக்குக் கிளம்புமுன் தேவதாசன் வழக்கப்படி டிக்கெட்டைக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வைத்தான். "ரெக்சன் முறை" என்றான். உடனே கிளம்பிவிட்டான். குசினியில் சாளை பொரித்துக்கொண்டிருந்த பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிக்கெட்டை எடுத்தாள். ரோச் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அதைத் திருப்பிக் குடுத்துரு தாயி."

"ஏன் மாமா?"

"வருசம் திரும்பல. ஊரு என்ன சொல்லும்?"

"காலையில இருந்து கடற்கரையில உக்காந்து வலை பொத்திட்டு வந்தேன். அப்ப ஊரு எங்கன போயிருந்துச்சு? வலைக்குப் போனா கொறையாத துக்கம் பந்துக்குப் போனா கொறைஞ்சிருமோ?"

"எதுத்துப் பேசாத."

"எதுத்துப் பேசல மாமா. முறைக்கு வேலையும் இருக்கு, டிக்கெட்டும் இருக்கு. வேலைய மட்டும் நான் எடுத்துக்கிட்டு டிக்கெட்ட யாருகிட்ட குடுக்க?"

ரோச் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார். அவள் போனாள். ரோச் அன்று முதல் அவளோடு நேரில் பேசுவதை விட்டுவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூட ஜெமிமாவிடம்தான் சொல்லுவார், பிளாரன்ஸ் பக்கத்திலேயே நின்றாலும்.

கேலரியில் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பிளாரன்ஸ் பள்ளிக்கூட அணியில் பின்வரிசை காத்தவள், பந்தைப் பார்த்தால் வாயை அடக்கத் தெரியாது. எங்கள் கோலி இடத்தை விட்டு நகர்ந்தபோது, "ஏலே, போஸ்டை அநாதையா விட்டுட்டு எங்கலே மேயப் போற!" என்று அவள் போட்ட சத்தம் என் கடைவரை கேட்டது. பாதி ஆட்டத்துக்குள் தள்ளி உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் அவள் பக்கம் நகர்ந்து வந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து அவள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சர்பத் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். எலுமிச்சம்பழம் நறுக்குகிறமாதிரி திரும்பிக்கொண்டேன்.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டெல்பினால் வந்தது வினை.

டெல்பின் விதவை, வாயாடி, நல்ல மனுஷி. அவளிடம் ஒரு பழைய மர வள்ளம் இருந்தது, அவள் கல்யாணத்துக்கு முன்பே கடலில் இறங்கியது. மற்ற வள்ளங்கள் பாதி விலையில் டிக்கெட் வாங்கியிருக்க, தன் வள்ளத்துக்கு மட்டும் முழு விலை வாங்கியது அவளுக்குத் தெரியவந்தது.

"ஏளா ஜெமிமா, உங்க அப்பன் படகுக்கு ஒரு வெலை, என் படகுக்கு ஒரு வெலையா? என் வள்ளம் என்ன, கூடுதலா ரெண்டு சீட்டு புடிச்சு உக்காருதோ?"

ஜெமிமா திரையைப் பார்த்தாள். பார்த்தவள் முகம் வெளிறிவிட்டது. ஃபைபர் வள்ளங்கள் எல்லாம் கடலில் இறங்கி எட்டு வருடம், பத்து வருடம். கம்ப்யூட்டர் வயதைக் கணக்குப் பார்த்து அத்தனையையும் சிறுவர் என்று எடுத்துக்கொண்டு அரை டிக்கெட் போட்டுவிட்டது. சீசன் தள்ளுபடி என்று அவள் நினைத்திருந்தாள். டெல்பின் அதோடு விடவில்லை. டிக்கெட்டின் பின்னால் புகாருக்கு என்று போட்டிருந்த நம்பரில் கூப்பிட்டுச் சென்னையிலும் இதே கேள்வியைக் கேட்டாள். சென்னையில் ஒருவன் திரையைத் திறந்து பார்த்தான். ஒரு பட்டாளமே இருக்கிறது, எல்லாம் சின்னப்பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கும் முகம் இல்லை, படகின் மூக்குதான் இருக்கிறது.

மறுநாள் நான் சர்பத் கொண்டுபோனபோது ஜெயகணேஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஜெமிமா எதிரே நின்றிருந்தாள்.

"எட்டு வயசுப் புள்ளைனு போட்டிருக்கியேம்மா."

"நான் போடல சார். அதுவா எடுத்துக்கிட்டு. வயசுல தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கிடுதேன். எல்லாப் படகுக்காரங்களும் முழு வெலை கட்டிருதோம்னு சொல்லிட்டாங்க."

"வெலைய விடு. படகு மனுசன் இல்லல்லா? அதான் அவங்க கேள்வி. எல்லா டிக்கெட்டையும் ஒவ்வொரு ஆளு பேருக்கு மாத்தணுமாம். ஒரு டிக்கெட்டு, ஒரு ஆளு, கைமாத்தக் கூடாது. நீ தெரியாமப் பண்ணிட்டேன்னு நாலு வரி எழுதிக் குடு. நான் பேசி வேலையக் காப்பாத்திருதேன்."

"தெரியாமப் பண்ணல சார்."

"ஏம்மா, உனக்கு நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"வயசு தெரியாமப் போட்டது. பேரு தெரிஞ்சுதான் போட்டேன். டிக்கெட்டு மிக்கேலோடது. ஒரு ஆளு பேருக்கு மாத்துனா மத்த அஞ்சு முறையும் போயிரும். எங்க மைனி முறையும் போயிரும். அத நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

ஜெயகணேஷ் என்னைப் பார்த்தார். நான் சர்பத் டம்ளரை வைத்துவிட்டு, "சர்க்கரை போதுமா சார்" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அவர் கெட்டவர் இல்லை. சென்னையில் பேசிப் பார்த்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பை மற்ற கையில் பிடித்துக்கொண்டு, காலையில் கடற்கரைக்கே வந்துவிட்டார். குழம்புக்கு நண்டு வாங்க நானும் போயிருந்தேன்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்த நேரம். மணல் பறந்து முகத்தில் அடித்தது. ரோச், பிளாரன்ஸ், தேவதாசன் மூவரும் வலையைச் சுற்றி உட்கார்ந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நண்டு வலையிலிருந்து லேசில் வராது. கொடுக்கு ஒரு கண்ணியைப் பிடித்திருக்கும், கால் நாலு கண்ணியில் சிக்கியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும், விலை போகும். பிளாரன்ஸ் லேஞ்சியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாக விடுவித்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி" என்றார் ஜெயகணேஷ்.

"சொல்லுங்க சார்."

"கம்பெனியில உங்களுக்குத் தனியா ஒரு பாஸ் தாராங்க. முன்வரிசை சோபா சீட்டு. சீசன் முழுக்க இலவசம். கடல்ல வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவங்கனு ஒரு கவுரவம். ஒரு போட்டோ மட்டும் எடுத்துப் போட்டுக்கிடுவாங்க."

பிளாரன்ஸ் ஒரு நண்டின் கொடுக்கை மெதுவாகத் திருப்பினாள்.

"மிக்கேல் டிக்கெட்டு என்ன ஆவும்?"

"அது தேவதாசன் பேருக்கோ அண்ணாச்சி பேருக்கோ மாறிரும். உங்களுக்குத்தான் தனியா வந்திருதுலா?"

"அப்ப எனக்கு வேண்டாம் சார்."

"ஏங்க்கா? வாராவாரம் பாக்கலாம், முறையே கெடையாது."

"முறை இல்லேனா எனக்கு அதுல என்ன இருக்கு? தாலியறுத்தவளுக்கு இரக்கப்பட்டு சோபா போடுதிய. நான் இரக்கம் கேட்டேனா? இந்தா இந்த வலை நான் பொத்துனது. அதுக்கு வார முறை அது. எங்க வீட்டுக்காரரு அந்தப் படகுல இன்னும் ஒரு ஆளு சார், வருசம் திரும்புத வரைக்கும் ஆளுதான். அவரு இடத்த அழிச்சிட்டு எனக்கு முன்வரிசையில சோபா போட்டுத் தாரேங்கிய. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஒண்ணு குடுத்தா வாங்குவிய?"

ஜெயகணேஷ் மணலைப் பார்த்தார். ரோச்தான் பேசினார். மகள் பக்கத்தில் இல்லாததாலோ என்னவோ, மருமகளைப் பார்த்து நேராகவே பேசினார்.

"தர்றத வாங்கிக்க. ஜெமிமா வேலையும் தங்கும். எதுக்கு எல்லாத்தையும் கெடுத்துக்கிடுத?"

"ஜெமிமா எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டா மாமா. சின்னவ, அவ நிக்கா. நான் சோபாவுல போயி உக்காந்தா அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"நல்லா ரெண்டு பேரையும் வளத்தேன்" என்றார் ரோச். சொல்லிவிட்டு நண்டை இழுத்தார், கால் ஒடிந்துபோனது.

ஜெயகணேஷ் கிளம்பும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். படகு பேரில் டிக்கெட் வைத்திருக்கிற எல்லோருக்கும் சென்னையிலிருந்து செல்போனில் ஒரு சேதி வரும். பேர் மாற்றாதவர்கள் அரையிறுதி ஆட்டத்தன்று கேட்டுக்கு வர வேண்டும், டிக்கெட்தாரர் நேரில் வந்து முகத்தைக் காட்டினால்தான் டிக்கெட் செல்லும், வராவிட்டால் ரத்து. "அவங்களுக்குத் தெரியும் யாரும் வர முடியாதுன்னு. அதுக்காகத்தான் அப்படிப் போடுதாங்க" என்றார். அதைச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சொன்னார்.

அவர் ரோடேறும்வரை பிளாரன்ஸ் கை ஓயாமல் நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தேவதாசனைப் பார்த்தாள்.

"ஏண்ணே, டிராக்டரு யாருகிட்ட இருக்கு?"

தேவதாசனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, வலையில் அப்படியே சாய்ந்துவிட்டான். ரோச் மட்டும் சிரிக்கவில்லை. "என் படகை ரோட்டுக்குக் கொண்டுபோவ விட மாட்டேன்" என்றார்.

"அது உங்க படகுதான் மாமா. டிக்கெட்டுல உங்க பேரு இல்ல, அது பேருதான் இருக்கு. அதுக்குத்தான் வரச் சொல்லி சேதி வரப்போவுது."

அரையிறுதி நாள் பிற்பகலில் நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாகும்வரை அந்தக் காட்சியை மறக்க மாட்டேன். கடற்கரைப் பாதையிலிருந்து டிராக்டர் மேலேறி வருகிறது. அதன் டிரெய்லரில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாளோடு சம்மனசு முன்னால் பார்க்க, மிக்கேல் வருகிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடித்து நடக்கிறார்கள். பின்னால் ஸ்டெல்லா மாரிஸ். அதன் பின்னால் லூர்து. டிரெய்லர் கிடைக்காதவர்கள் சவேரியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திருச்செந்தூர் பஸ் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு, கண்டக்டர் இறங்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டெல்பினின் மர வள்ளத்தை எட்டு டிராக்டர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அவள் சுக்கானை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முழு விலை கட்டியவள், யாருக்கு அடங்குவாள்?

கேட்டில் நின்ற காவலாளி இசக்கியப்பன் டிக்கெட் மெஷினைக் கையில் பிடித்தபடி பின்னால் பின்னால் போனான். பிளாரன்ஸ் முன்னால் வந்தாள். மிக்கேலின் டிக்கெட்டை நீட்டினாள்.

"டிக்கெட்தாரரு வந்திருக்காரு. மொகத்தப் பாத்துக்கிடுங்க."

இசக்கியப்பன் கவுண்டரைப் பார்த்துக் கத்தினான். ஜெமிமா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே ஜெயகணேஷ் வந்தார், காதில் போன். சென்னைக்காரர்கள் அரையிறுதிக்குக் கூட்டம் எப்படி என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், மனுஷன் நேரே இதில் வந்து விழுந்தார்.

"சார்... வந்திருக்காங்க சார். டிக்கெட்தாரர்தான் சார். நேர்லதான். எல்லாருமே வந்திருக்காங்க... இல்ல சார், உள்ள இல்ல, ரோட்டுல நிக்காங்க. உள்ள நுழையாது சார்."

கூட்டம் சிரித்தது. ஜெமிமா சிரிக்கவில்லை. டேப்லெட்டில் மிக்கேலின் பக்கத்தைத் திறந்து, படத்தையும் படகையும் மாறிமாறிப் பார்த்தாள். கீழே ஒரு பொத்தான் இருந்தது: நேரில் சரிபார்க்கப்பட்டது.

"ஜெமிமா, அமுக்காத" என்றார் ஜெயகணேஷ், போனைக் கையால் பொத்திக்கொண்டு. "அமுக்குனா உன் வேலை போயிரும். நான் தடுக்க முடியாது."

"போட்டோவும் ஆளும் ஒண்ணா இல்லையா சார்? நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு இல்லேன்னா அமுக்கல."

ஜெயகணேஷ் படகைப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் அவர் ஒரு வள்ளத்தைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். முகப்பில் சாயம் உரிந்த இடம், வலை இழுத்து இழுத்து விளிம்பு தேய்ந்த இடம். ஓரமாக நின்ற பிளாரன்ஸின் கை அந்தத் தேய்ந்த விளிம்பின்மேல் இருந்தது. பஸ் ஹாரன் அடித்தது. போலீஸ்காரர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, "எதையாவது அமுக்கி அனுப்புங்கய்யா, ரோடு திருச்செந்தூர் வரைக்கும் நிக்கு" என்றார்.

"ஒண்ணுதான்" என்றார் ஜெயகணேஷ்.

பிறகு போனில், கொஞ்சம் உரக்க, "சார், நான்தான் சார் சரிபாத்தேன். என் பேரப் போட்டுக்கிடுங்க" என்றார்.

ஜெமிமா அமுக்கினாள். மெஷினில் பச்சை எரிந்தது. கரையே சத்தம் போட்டது. ஒவ்வொரு படகாக முகம் பார்த்து, அமுக்கி, திருப்பி அனுப்பினார்கள். டெல்பினின் சுக்கான் வந்தபோது, இது முகம் ஆகுமா என்று கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. வாயாடியே முடித்துவைத்தாள்: "முழு டிக்கெட்டுக்காரிகிட்ட சட்டம் பேசாத." அதையும் அமுக்கினார்கள். சென்னைக்காரர்கள் சீசன் முடியட்டும், பேசிக்கொள்கிறோம் என்று போனை வைத்தார்களாம். பேசட்டும். வேலை போனால் கோர்ட்டுக்கே போவேன் என்று ஜெமிமா அன்றே என்னிடம் சொன்னாள், நான் சாட்சிக்கு வருகிறேன் என்றேன். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை.

அன்றைய கரைமுறை தேவதாசனுடையது. டிக்கெட்டைப் பிளாரன்ஸ் அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"நீ போளா. இன்னைக்கு நீதான் போவணும்."

"காத்து மாறலேனா எங்க முறை அடுத்த வாரம், பைனலுக்கு. இன்னைக்கு உங்க முறை, நீங்க போங்க."

"நான் மனசாரத்தான் தாரேன்."

"மனசாரக் குடுத்தாலும் அது உங்கது. இவ்வளவு பாடு பட்டது என்னத்துக்குண்ணே? போங்க, கிக்காஃப் ஆயிரப் போவுது."

தேவதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். மற்ற படகுகள் கரைக்குத் திரும்பிவிட்டன. மிக்கேலின் டிராக்டர்காரன் மட்டும், ஆட்டம் முடியாமல் நான் வரமாட்டேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு டிக்கெட் வாங்க ஓடிவிட்டான். ஆகவே மிக்கேல் கிரவுண்டு மதிலையொட்டி, டிரெய்லர் மேல் நின்றது. அப்போதுதான் கவனித்தேன். டிரெய்லர் உயரமும் படகின் உயரமும் சேர்ந்து, உள்ளே ஏறி நின்றால் மதிலுக்கு மேலே ஓர் ஆள் தலை நிற்கும்.

பிளாரன்ஸும் கவனித்திருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லரில் கால் வைத்து ஏறி, படகுக்குள் தாவி, முகப்பில் போய் நின்றாள். உள்ளே விசில் ஊதினார்கள். ஆலந்தலைக்கும் எங்களுக்கும் ஆட்டம். அவள் பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும்.

இசக்கியப்பன் ஓடிவந்தான். "அக்கா, அங்கன நின்னு பாக்கக் கூடாதுக்கா. டிக்கெட்டு இல்லாம பாத்தா மேனேஜரு சத்தம் போடுவாரு."

"உங்க கிரவுண்டுக்குள்ள நிக்கேனாலே? எங்க படகுல நிக்கேன். வேணும்னா உங்க மதில இன்னும் ஒசத்திக் கட்டச் சொல்லு, போ."

அவன் ஜெயகணேஷைப் பார்த்தான். ஜெயகணேஷ் என் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் இரண்டாவது சர்பத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

ரோச் அதுவரை எங்கே இருந்தார் என்று தெரியாது. படகு ரோட்டுக்கு வரக் கூடாது என்று சொன்ன மனுஷன், படகு வந்தபோது எங்கோ ஓரமாக நின்று பார்த்திருப்பார் போல. இப்போது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டிரெய்லர் பக்கம் வந்தார். படகின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார், ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று. கீழேயிருந்து பார்த்தால் மதில்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் கேலரியே எழுந்து நின்று கத்தியது.

மேலே நின்றவள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஏலே, வெளங்காத பயலே, வலப்பக்கம் ஆளே இல்ல, அங்கன குடு!" என்று அலறினாள். குரல் காற்றில் கிழிந்து போனது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ரோச் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏளா பிளாரன்ஸு, பந்து யாருகிட்ட இருக்கு?"

"கீழ நின்னுக்கிட்டுக் கேட்டா எப்படி மாமா" என்று சொல்லி அவள் குனிந்து கையை நீட்டினாள்.